பென்டைலீன்டெட்ராசோல், ஐந்து கிராம் குப்பி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள ஒரு பார்மசி கல்லூரியில், வல்லாரைச் சாற்றுக்கு வலிப்பைத் தடுக்கும் ஆற்றல் உண்டா என்று ஓராண்டாகச் சோதித்து வருகிறோம். அந்த ஆய்வு முடியாததால் அதன் முடிவுகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அதற்காக நாங்கள் வாங்கிய, ஆய்வக விலங்குகளுக்கு வலிப்பை எழுப்பும் பென்டைலீன்டெட்ராசோலைப் பற்றி மட்டும், இதே சோதனையைத் தொடங்கவிருக்கும் மாணவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

இது வெண்ணிறப் படிகத்தூள். உருகுநிலை ஏறத்தாழ 57 முதல் 60 டிகிரி செல்சியஸ். உப்புநீரில் உடனே கரைந்துவிடும் என்பதே ஆய்வகத்தில் இதன் முதல் நற்குணம். சூடாக்கவோ வேறு கரைப்பானைத் தேடவோ வேண்டியதில்லை. நரம்பணுக்களின் பரபரப்பை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருள் வந்து பொருந்தும் புரதமாகிய ஏற்பியில், பிக்ரோடாக்சின் செயல்படும் அதே இடத்தில் இதுவும் செயல்பட்டு, அந்த அடக்கத்தைத் தடுத்துவிடுவதால் வலிப்பு எழுகிறது. பிக்ரோடாக்சின் நமக்கு அந்நியமானதன்று. மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்ட காக்காய்க்கொல்லி விதையின் நஞ்சே அது. அந்தக் கொடி நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் படர்கிறது.

இதன் வரலாறும் அறிந்துகொள்ளத் தக்கது. 1934-இல் புடாபெஸ்ட் மருத்துவர் மெதுனா, மனச்சிதைவு நோய்க்கு மருந்தாக வலிப்பையே வரவழைக்கலாம் என்று கருதி, முதலில் கற்பூரத்தைப் பயன்படுத்தினார். சுசீந்திரத்தில் தீபாராதனைக்கு ஏற்றும் கற்பூரம்தான். அதன் செயல் மெதுவாகவும் நிச்சயமற்றதாகவும் இருந்ததால் பின்னர் இந்தச் சேர்மத்துக்கு மாறினார். மருத்துவமனைகளில் அதன் காலம் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் 1982-இல் ஒப்புதலும் நீக்கப்பட்டது. ஆனால் 1944-இல் எவரெட், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர், இது எழுப்பும் வலிப்பை ட்ரைமெத்தடையோன் என்ற மருந்து தடுப்பதைக் காட்டியபோது, நோயாளிக்குக் கொடுத்த நஞ்சே, மருந்துகளைச் சலித்தெடுக்கும் சல்லடையாயிற்று. 1960-களின் தொடக்கத்தில் பிரான்சில் சில புதிய சேர்மங்களை இதே முறையில் சோதித்தபோது, எதைக் கொடுத்தாலும் விலங்குகளுக்கு வலிப்பு தடைபட்டது. வலிப்பைத் தடுத்தது அந்தச் சேர்மங்கள் அல்ல, அவற்றைக் கரைக்கப் பயன்படுத்திய வால்ப்ரோயிக் அமிலம் என்பது பின்னரே தெரிந்தது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் தாயின் பையில், அந்த அமிலத்தின் உப்பான வால்ப்ரோயேட் மாத்திரை இருக்குமானால், அது அந்தச் சல்லடையில் தங்கியதுதான். இந்தத் தூளை எடைபோடும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த நினைவு வருகிறது.

இனி வாங்கிய அனுபவம். முதல் குப்பி ஜூலையில், தென்மேற்குப் பருவமழை விடாது பெய்துகொண்டிருந்த வாரத்தில் வந்தது. முத்திரை தளர்ந்திருந்தது, தூள் கட்டிதட்டியிருந்தது, பகுப்பாய்வுச் சான்றிதழிலிருந்த தொகுதி எண்ணும் குப்பியின் எண்ணும் ஒத்துப்போகவில்லை. உருகுநிலையைச் சோதித்தபோது 54 டிகிரியிலேயே இளகத் தொடங்கியது. விற்பனையாளர் மாற்றுக் குப்பி அனுப்பினார் என்றாலும் அதற்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் எங்கள் சுண்டெலிகள் ஆய்வுக்குரிய எடையைத் தாண்டிவிட்டன. விலங்கு நெறிமுறைக் குழுவிடம் எண்ணிக்கையைக் கணக்குச் சொல்லி அனுமதி பெற்ற உயிர்கள் அவை. அந்த இழப்பை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆகவே குப்பி கைக்கு வந்ததும் எண்களை ஒப்பிட்டு, உருகுநிலையைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே விலங்குகளை வரவழையுங்கள்.

இரண்டாவது குப்பியில் குறையில்லை. சிறு குப்பிகளில் பிரித்து, சிலிக்கா ஜெல் இட்ட உலர்கலத்தில் வைத்தோம். கரைசலை அன்றன்று தயாரித்தோம். சுண்டெலிகளுக்குப் பாடநூல்கள் குறிப்பிடும் கிலோவுக்கு 85 மில்லிகிராம் என்ற அளவில், தோலடி ஊசிக்குப் பின் அரைமணி நேரக் கவனிப்பில், வலிப்பு தொடங்கும் நேரம் நாளுக்கு நாள் பெரிதும் மாறவில்லை. ஓர் ஆய்வகப் பொருளிடம் நான் எதிர்பார்ப்பது இந்த ஒழுங்கைத்தான். மனிதருக்கும் இது நஞ்சு என்பதால் கையுறையும் முகக்கவசமும் இன்றி எடைபோடக் கூடாது. எங்கள் ஆய்வகத்தில் இது பூட்டிய அலமாரியில் இருக்கிறது.

இதன் குறை அதன் தூய்மையில் இல்லை. நாம் அதனிடம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. நலமாயிருக்கும் மூளையில் ஒருமுறை எழுப்பும் வலிப்பு, வலிப்பு நோய் ஆகிவிடாது. வலிப்பு மருந்துகளில் எத்தோசக்சிமைடும் வால்ப்ரோயேட்டும் இந்தச் சோதனையில் தேறுகின்றன. பல்லாண்டுகளாக நோயாளிகளைக் காத்துவரும் பெனிடாயின் தேறுவதில்லை. லெவெடிரசெடாம் என்ற வலிப்பு மருந்து இந்தச் சோதனையிலும், மின்சாரத்தால் வலிப்பை எழுப்பிப் பார்க்கும் மின்னதிர்ச்சிச் சோதனையிலும் செயலற்றதாகவே தோன்றியது. அவ்விரண்டை மட்டும் நம்பியிருந்தால் அந்த மருந்து கைநழுவியிருக்கும். எனவே ஒரு மூலிகைச் சாறு இதில் தோற்றால் அது பயனற்றது என்றோ, வென்றால் மருந்து கிடைத்துவிட்டது என்றோ எழுதிவிடாதீர்கள். வலிப்பை எழுப்பாத சிறு அளவை ஒருநாள் விட்டு ஒருநாள் பல வாரம் கொடுத்து, மூளையைப் படிப்படியாக வலிப்புக்குப் பழக்கும் முறை நோய்க்குச் சற்று நெருக்கமானது; காலமும் பொறுமையும் உள்ளவர்கள் அதையே தேர்வது நல்லது.

2005-இல் வெளியான ஓர் ஆய்வுக்குப் பின், வரிக்குதிரை மீனின் குஞ்சுகள் நீந்தும் நீரில் இதைக் கரைத்துச் சோதிக்கும் முறையும் பரவியிருக்கிறது. இரண்டாவது குப்பியில் ஏறத்தாழ இரண்டு கிராம் மீதமிருக்கிறது; அதை அந்த மீன்களுக்கென்று எடுத்துவைத்திருக்கிறோம்.