மணி வந்துவிட்டதா?

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "உங்க வீட்டுப் பழைய சிஸ்டம் இன்னும் ஓடுதா? பையனுக்கு அதே மாதிரி ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எட்டாயிரத்துக்கு வருது. வாங்கலாமா?" என்று கேட்டார். வாங்கலாம், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்ல வாய் வரவில்லை. அன்று காலையில்தான் அந்தக் கணினியோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டியிருந்தேன். கோபத்தில் சொல்லும் பதில் நியாயமாக இருக்காது என்று விட்டுவிட்டு, இப்போது எழுதுகிறேன்.

2012-ல் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய பெட்டி. இன்டெலின் இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம், விண்டோஸ் 7. அந்தச் சமயத்தில் வீட்டுக்குக் கணினி வாங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. பவர் சப்ளை ஒருமுறை மாற்றினேன், மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி இரண்டு முறை, யுபிஎஸ் பேட்டரி எத்தனை முறை என்று நினைவில்லை. 2012-ல் எங்கள் ஊரில் அடித்த மின்வெட்டையெல்லாம் தாங்கி வந்த பெட்டி அது. உழைப்பில் குறை சொல்ல எதுவுமில்லை.

என் குறை திரையின் வலது பக்கக் கீழ் மூலையைப் பற்றியது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் அந்தச் சின்னச் சின்ன ஐகான்கள் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது.

இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் இந்தக் கணினியை அதிகம் பயன்படுத்துவது அப்பா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டுக் கேட்டு அவர் எழுதி வைத்த சொற்கள் ஏழு நோட்டுப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. கமலை, சால், வடம், மடை என்று இன்றைக்குப் பிள்ளைகள் கேள்விப்பட்டே இராத சொற்கள். ஒவ்வொன்றாகப் பொருளோடு தட்டச்சு செய்து வருகிறார். விண்டோஸ் 7-ல் தமிழுக்குக் கூடவே வருவது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை. அப்பா பழகியது தமிழ் 99 என்கிற வேறொரு விசை அமைப்பு. அதனால் அந்த அமைப்பில் தமிழ் அடிக்க உதவும் என்.எச்.எம். ரைட்டர் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது ஓடிக்கொண்டிருந்தால் கீழ் மூலையில் சின்னதாக ஒரு மணியின் படம் ஐகானாகத் தெரியும். தமிழில் இருக்கும்போது ஒரு நிறம், ஆங்கிலத்தில் வேறு நிறம். ஆல்ட் விசையோடு 1 அழுத்தினால் தமிழ், 0 அழுத்தினால் ஆங்கிலம்.

அப்பாவுக்கு விசைப்பலகையைப் பார்த்துத்தான் அடிக்க வரும். விசைகள் மேல் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். நோட்டைப் பார்ப்பார், விசையைப் பார்ப்பார், திரையை ஏறெடுத்துப் பார்ப்பது பத்தி முடிந்தபிறகுதான். அதனால் உட்கார்ந்ததும் முதலில் மணியைப் பார்த்து, தமிழில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் ஆரம்பிப்பார். மணியே இல்லாத நாளில் எந்த மொழியில் நிற்கிறது என்று தெரியாது. கமலை என்று அவர் நான்கு விசை அழுத்தினால் திரையில் எச், கே, என், ஆர் என்று நான்கு ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும். ஒருநாள் அரைப் பக்கம் அப்படியே போயிற்று. நிமிர்ந்து பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். எழுபத்தாறு வயது மனிதர் விரல் வலிக்க அடித்த அரைப் பக்கம். அன்றைக்குத்தான் இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

முதலில் எல்லாரும் பார்க்க வேண்டியது மேல்நோக்கி இருக்கும் அந்தக் குட்டி அம்புக்குறியை. விண்டோஸ் 7 பல ஐகான்களை அதற்குள் ஒளித்து வைத்துவிடும். அதை அழுத்தி, கஸ்டமைஸ் என்பதற்குள் போய், எல்லா ஐகான்களையும் எப்போதும் காட்டு என்ற கட்டத்தில் டிக் செய்தால் பாதிப் பேருக்கு அதோடு முடிந்துவிடும். எங்களுக்கு முடியவில்லை. அம்புக்குறிக்குள்ளும் மணி இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மணி தெரியாத நேரத்திலும் ஆல்ட் 1 அழுத்தினால் தமிழ் வந்தது. அப்படியானால் மென்பொருள் ஓடுகிறது, ஐகான் மட்டும்தான் வரவில்லை. அந்த ஒரு விஷயம் புரிந்தபிறகு மற்றதெல்லாம் விளங்க ஆரம்பித்தது. திரையின் அடியில் இருக்கும் பட்டையை, அதாவது டாஸ்க்பாரை, வரைவது எக்ஸ்ப்ளோரர் என்கிற நிரல். ஒவ்வொரு மென்பொருளும் தொடங்கும்போது அதனிடம் போய், எனக்கு ஓர் இடம் கொடு என்று கேட்கும். கணினி அப்போதுதான் எழுந்து ஹார்ட் டிஸ்க் திணறிக்கொண்டிருந்தால் எக்ஸ்ப்ளோரரால் உடனே பதில் சொல்ல முடியாது. கேட்ட மென்பொருள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு விட்டுவிடும். மறுபடி கேட்காத மென்பொருளாக இருந்தால் அன்றைக்கு முழுவதும் முகம் காட்டாமலே வேலை செய்துகொண்டிருக்கும். எங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கணினி ஆன் ஆகி நிதானத்துக்கு வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். மணி வராத நாளெல்லாம் டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்த நாள்தான்.

இதற்கு வைத்தியம் எளிது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் புராசஸ் பட்டியலில் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்து நிறுத்த வேண்டும். டாஸ்க்பாரும் டெஸ்க்டாப் ஐகான்களும் மறைந்து வெறும் படம் மட்டும் நிற்கும், பயப்பட வேண்டாம். ஃபைல் மெனுவில் நியூ டாஸ்க் என்பதை அழுத்தி எக்ஸ்ப்ளோரர் என்று அடித்தால் எல்லாம் திரும்பி வரும். டாஸ்க்பார் புதிதாக எழும்போது, நான் வந்துவிட்டேன் என்று ஓடிக்கொண்டிருக்கும் எல்லா மென்பொருளுக்கும் ஒரு செய்தி அனுப்பும். அதைக் கேட்டு அவை மறுபடி இடம் கேட்கும். மணி டக்கென்று வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் இந்தப் பெட்டியைப் புதிதாக வாங்கிய அன்றுகூட இருந்ததில்லை.

தினமும் அப்பாவால் இதைச் செய்ய முடியாது. அதனால் கணினி எழுந்ததும் தானாக ஓடும் ஸ்டார்ட் அப் பட்டியலிலிருந்து ரைட்டரை எடுத்துவிட்டு, குறித்த நேரத்தில் நிரல்களைத் தொடங்கும் டாஸ்க் ஷெட்யூலரில் லாகின் ஆனதிலிருந்து ஒரு நிமிடம் கழித்து அதைத் தொடங்கும்படி வைத்தேன். டிரிகர் பக்கத்திலேயே தாமதத்துக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லாரும் ஓடி முடித்தபிறகு ரைட்டர் தனியாகப் போய்க் கேட்கும், கேட்டதும் கிடைக்கும். இரண்டு வருடம் இப்படி நிம்மதியாகப் போயிற்று. "மணி வந்துருச்சா?" என்று காலையில் அப்பா கேட்டால், நேரம் ஆச்சா என்று கேட்கிறார் என்றுதான் வீட்டுக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள்.

அப்புறம் ஹார்ட் டிஸ்க் உடல்நிலை கெட்டது. கடையில் கொடுத்து ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு அப்படியே நகல் எடுத்து வாங்கினேன். மூன்று நிமிடம் ஆன இடத்தில் அரை நிமிடம் ஆகிறது. பழைய பெட்டிக்குச் செய்யும் செலவில் இதைப்போல் பலன் தருவது வேறொன்றும் இல்லை, இதை யாருக்கும் தைரியமாகச் சொல்வேன். ஆனால் திரும்பி வந்த கணினியில் யாரும் கேட்காத ஒரு கிளீனர் மென்பொருளும் சேர்ந்து வந்திருந்தது. அதை நீக்கிய மறுநாள் ஒலிபெருக்கி ஐகானும் நெட்வொர்க் ஐகானும் காணவில்லை. இவை விண்டோஸுக்கே உரிய ஐகான்கள். சிஸ்டம் ஐகான்களை ஆன் ஆஃப் செய்யும் பக்கத்துக்குப் போனால் அந்த இரண்டு வரியும் மங்கிப்போய், தொட முடியாமல் கிடந்தன. பவர் வரி மங்கலாக இருப்பது மேசைக் கணினிக்கு இயல்புதான், மற்ற இரண்டும் அப்படி இருக்கக் கூடாது.

கடையில் கேட்டேன். "ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும் சார்" என்றார். இரண்டு ஐகானுக்காக வீட்டையே இடித்துக் கட்டச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

விண்டோஸ் 7 எந்தெந்த ஐகான் வந்தது, எது தெரிய வேண்டும் என்பதையெல்லாம் ரெஜிஸ்ட்ரி என்கிற தன் அமைப்புக் குறிப்பேட்டில் ஓர் இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். என்றைக்கோ நீக்கிய மென்பொருள்களின் ஐகான்கூட அதில் கிடக்கும். அந்தக் குறிப்பு கெட்டுப்போனால் இப்படித்தான் ஆகும். அதைத் திருத்த உதவும் ரெஜ்எடிட்டில் கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், கிளாசஸ், லோக்கல் செட்டிங்ஸ், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், ட்ரே நோட்டிஃபை என்று வரிசையாக இறங்க வேண்டும். வலது பக்கத்தில் ஐகான் ஸ்ட்ரீம்ஸ், பாஸ்ட் ஐகான்ஸ் ஸ்ட்ரீம் என்று இரண்டு இருக்கும். தொடுவதற்கு முன்னால் எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் வைத்துக்கொண்டு, இரண்டையும் அழிக்க வேண்டும்.

அழித்தேன், ரீஸ்டார்ட் செய்தேன், ஒன்றும் மாறவில்லை. இன்னொரு முறையும் அப்படியே. மூன்றாவது முறைதான் காரணம் பிடிபட்டது. எக்ஸ்ப்ளோரர் ஓடிக்கொண்டிருக்கும்போது அழித்தால் பயனில்லை, ஏனென்றால் கணினியை அணைக்கும்போது அது தன் நினைவில் இருக்கும் பழைய குறிப்பை மறுபடி அதே இடத்தில் எழுதிவிட்டுத்தான் போகும். ஆகவே முதலில் டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்த வேண்டும். அங்கிருந்தே நியூ டாஸ்க் வழியாக ரெஜ்எடிட்டைத் திறந்து அழித்துவிட்டு, அதன்பிறகு எக்ஸ்ப்ளோரரை எழுப்ப வேண்டும். இந்த வரிசைதான் முக்கியம். சரியாகச் செய்ததும் மங்கிய வரிகள் தெளிந்தன, ஐகான்கள் வந்தன. மணியை எப்போதும் காட்டு என்று மட்டும் திரும்ப ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது, பழைய விருப்பங்களும் சேர்ந்து அழிந்துவிடுவதால்.

இவ்வளவு தெரிந்தபிறகும் ஏன் கோபம்? எஸ்எஸ்டி போட்டு, தாமதம் வைத்து, குறிப்பை அழித்து எல்லாம் செய்தும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அந்த இரண்டு ஐகானும் மறுபடி போகின்றன. போன வாரம் மணியும் சேர்ந்து போயிற்று. நான் ஊரில் இல்லாத நாளில் போனால் அப்பா அன்றைக்கு எழுதுவதில்லை. "நீ வந்து பாத்துக்கலாம்பா" என்று சொல்லிவிடுவார். நாலைந்து நாள் கழித்து வந்து பார்த்தால் நோட்டில் வைத்த அடையாள நூல் அதே பக்கத்தில் இருக்கும். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். பெட்டி உழைக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ந் தேதியோடு நின்றுவிட்டது. குரோம் 109-ம் பதிப்புக்கு மேல் இதில் ஏறாது. விண்டோஸ் 10-க்கு மாற்றலாம் என்றால் அதன் காலமும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 11-ன் ஆதரவுப் பட்டியலில் இரண்டாம் தலைமுறை ஐ3 இல்லை. படிக்கிற பிள்ளைக்கு எட்டாயிரம் போட்டு இந்த வம்பை வாங்கிக் கொடுக்க வேண்டாம். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ ஏதாவது பாருங்கள்.

எங்கள் பெட்டியை நான் கொடுக்கப்போவதில்லை. அப்பாவின் ஸ்கேனருக்கு விண்டோஸ் 7-க்கு மேல் டிரைவர் கிடையாது. புதுக் கணினி வாங்கித் தருகிறேன் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், ஏழு நோட்டும் முடியட்டும் என்கிறார். ஐந்தாவது நோட்டில் பாதி தாண்டியிருக்கிறார்.

இதை அவர் மேசையில் உட்கார்ந்துதான் அடிக்கிறேன். கீழ் மூலையில் மணி இருக்கிறது. ஒலிபெருக்கி ஐகான் இன்றைக்கு இல்லை. அப்பா இதில் பாட்டுக் கேட்பதில்லை, அதனால் அதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.