வீட்டில் செய்த டேபிள்டாப் ஆர்கேட்: மூன்று வருஷம் ஓட்டிய அனுபவம்

மேஜை மேல் வைத்து ஆடுகிற ஆர்கேட் மெஷின் செய்ய ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது எந்த போர்டு வாங்கலாம், எத்தனை கேம் ஏற்றலாம் என்பதைத்தான். மூன்று வருஷத்துக்கு மேலாக ஒன்றை மதுரையில் வீட்டுக் கூடத்தில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அதை எவ்வளவு சுலபமாகத் திறந்து மூட முடியும் என்பதை முதலில் யோசியுங்கள். பட்டன் பலகையை ஸ்க்ரூ போட்டு இறுக்காமல் பின்பக்கம் பியானோ கீல் (நீளப் பட்டையாக வரும் கீல்) வைத்து அப்படியே தூக்குகிற மாதிரி செய்தேன். இந்த மெஷினில் நான் எடுத்த முடிவுகளிலேயே உருப்படியானது அதுதான்.

உள்ளே இருப்பது ராஸ்பெரி பை 3பி பிளஸ் என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு, அதில் பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோபை சாஃப்ட்வேர். திரை, ஆபீஸில் கழித்துவிட்ட 17 இன்ச் எல்சிடி மானிட்டர். பழைய சதுர மானிட்டரை யாராவது கொடுத்தால் விடாதீர்கள். அந்தக் காலத்து கேம்கள் 4:3 திரைக்காகச் செய்தவை, அகலத் திரையில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பாக நிறைய இடம் வீணாகும். ஆனால் வாங்கும்போதே ஓடவிட்டு, கீழே குனிந்து பாருங்கள். பல பழைய மானிட்டர்களில் கீழிருந்து பார்த்தால் படம் இருண்டு நிறம் தலைகீழாகிவிடும், பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும் படம் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. மரம், சாமான், ஆசாரி கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாயை ஒட்டி வந்தது.

மரத்துக்கு எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) மலிவு, அறுக்கவும் சுலபம். வில்லாபுரத்தில் எனக்கு அறுத்துக் கொடுத்த ஆசாரி அதைக் கையால்கூடத் தொடவில்லை. "தம்பி, வீடு கழுவுறப்ப ஒரு ஓரத்துல தண்ணி பட்டாப் போதும், ஊதிப் போயிரும். பிளைவுட்டே போட்டுருவோம்" என்றார். 12 மி.மீ. பிளைவுட், மேலே மேட் சன்மைக்கா, ஓரத்துக்கு பிவிசி எட்ஜ் பேண்ட். இன்றுவரை ஒரு மூலைகூடப் பிரியவில்லை. சன்மைக்காவில் பளபளப்பானதை எடுக்காதீர்கள், ட்யூப்லைட் வெளிச்சம் அடிக்கும், வேர்த்த கையின் தடமும் தெரியும்.

பட்டன் வாங்குவதற்கு முன் பலகையின் கனத்தை முடிவு செய்யுங்கள். அழுத்தினால் பொருந்திக்கொள்ளும் ஸ்னாப்-இன் பட்டன் மெல்லிய தகட்டுக்கானது, 12 மி.மீ. மரத்தில் அதன் கொக்கி பிடிக்காது. கீழே நட் போட்டு இறுக்கும் ஸ்க்ரூ வகைதான் வேண்டும். ஜாய்ஸ்டிக்கிலும் இதே சங்கதி: கனமான பலகைக்கு அடியில் மாட்டினால் மேலே வரும் தண்டு குட்டையாகிவிடும், பிடிக்கவே வசதி இருக்காது. ஆசாரியிடம் சொல்லி ஜாய்ஸ்டிக் உட்காரும் இடத்தில் மட்டும் அடிப்பக்கம் பாதி கனத்தைக் குடைந்து எடுக்க வைத்தேன். இந்த ஒரு வேலைக்காக அவருக்குத் தனியாகக் கூலி கொடுக்கலாம், அவ்வளவு வித்தியாசம்.

இரண்டாவது வருஷம் முதலில் போனது மைக்ரோ ஸ்விட்ச், அதாவது ஜாய்ஸ்டிக்கின் அடியில் திசைக்கு ஒன்றாக இருக்கும் சின்ன ஸ்விட்ச். ஜாய்ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வழக்கமான 'டிக்' சத்தம் மங்கி, நாலு தடவைக்கு ஒரு தடவை ஆள் நகராமல் நிற்பான். முஸ்தபா கேமை ஆடினால் வலது பக்கம்தான் முதலில் போகும், கேம் முழுக்க வலது பக்கம் நடக்கிற கேம் அது. (கேப்காம் 1993-இல் விட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்தான், ஆனால் தொண்ணூறுகளில் வீடியோ கேம் கடைக்குப் போன யாரிடமும் அந்தப் பெயரைச் சொன்னால் புரியாது.) பலகையைத் தூக்கி, இரண்டு ஒயரைப் பிடுங்கி, புது ஸ்விட்ச் மாட்டி மூட, ஒரு டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மைக்ரோவேவ் ஓவன் கதவில் இருக்கும் அதே உருவமுள்ள ஸ்விட்ச்தான், டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் பழையதைக் காட்டிக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மொத்தமாகப் பத்து வாங்கி பெட்டிக்குள்ளேயே ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

பாக்மேன் (1980) ஆட விரும்புகிறவர்கள் ஜாய்ஸ்டிக்கின் அடியில், தண்டு எத்தனை திசைக்கு நகரலாம் என்று கட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டர் தகட்டைக் கவனியுங்கள். அந்த கேம் நாலு திசைக்கானது. எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் மூலை திரும்பும்போது கை கொஞ்சம் கோணலாகப் போனாலும் திரும்பாமல் பேயிடம் மாட்டுவோம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கோ எட்டுத் திசை இல்லாமல் ஒன்றும் நடக்காது. என் வீட்டில் இடதுபக்க ஜாய்ஸ்டிக் நாலு திசை, வலது எட்டு. இரண்டு பேர் சண்டை போட உட்கார்ந்தால் இடதை எட்டுக்கு மாற்றுவேன். இதற்கும் கீல்தான் கை கொடுக்கிறது.

இரண்டு ஆளுக்கும் ஒரே மாதிரி ஜீரோ டிலே என்கோடர் (பட்டன், ஜாய்ஸ்டிக் ஒயர்களை யுஎஸ்பி வழியாக போர்டோடு இணைக்கும் சின்ன சர்க்யூட்) போட்டால் சில நேரம் ஸ்டார்ட் ஆகும்போது ஒன்றாம் ஆளும் இரண்டாம் ஆளும் இடம் மாறிவிடுவார்கள். எந்த ஒயர் எந்த யுஎஸ்பி ஓட்டையில் என்று பெயின்ட் புள்ளி வைத்து, அதையே மாற்றாமல் வைத்திருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அடுத்தது வெயில். சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினால் காலையில் போட்ட மெஷினை ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் அணைப்பார்கள், கூடமே கொதிக்கிற நேரம் அது. 3பி பிளஸ் 60 டிகிரியைத் தொட்டாலே வேகத்தை 1.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.2-க்கு இறக்கிக்கொள்ளும், 80-ஐத் தாண்டினால் இன்னும் இறக்கும். எண்பதுகளின் கேம்களுக்கு அது தெரியாது, கனமான பிளேஸ்டேஷன் கேம் போட்டால் பாட்டும் படமும் இழுக்கலாம். அடியில் நாலு துளை, பின்பக்கம் மேலே ஒரு சின்ன ஃபேன், போர்டுக்குச் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க், இவ்வளவு போதும். துளைகளுக்குக் கொசுவலைக் கம்பி அடித்துவிடுங்கள். அடிக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் வெதுவெதுப்புக்குப் பல்லி குடிவந்துவிடும்.

கரண்ட் போவதும் வருவதும் எஸ்டி கார்டுக்கு எமன். எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்றால் கார்டில் உள்ள ஃபைல்கள் கெட்டுப்போய் அடுத்த முறை மெஷின் எழும்பாது. கார்டில் எதுவும் எழுதாதபடி பூட்டும் ஓவர்லே வசதி இருக்கிறது, நான் போடவில்லை. அதைப் போட்டால் ஹை ஸ்கோர் தங்காது, கேலகா கேமில் என் மகள் வைத்திருக்கும் ஸ்கோரை அழிக்கிற எதற்கும் இந்த வீட்டில் இடமில்லை. அதனால் இன்வெர்ட்டர் லைனில் மாட்டி, முறையாக ஷட்டவுன் செய்ய ஒரு தனி பட்டன் வைத்து, முழுக் கார்டையும் நகலெடுத்து இன்னொரு கார்டில் வைத்திருக்கிறேன். போன் சார்ஜரில் ஓட்டுவது மட்டும் வேண்டாம். திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்தால் வோல்டேஜ் போதவில்லை என்று அர்த்தம், 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டரே போடுங்கள்.

சவுண்டுக்கு போர்டில் உள்ள ஹெட்போன் ஓட்டை வேண்டாம், இரைச்சல் கேட்கும். சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு போட்டால் தீர்ந்தது.

கேம் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஐயாயிரம் கேம் ஏற்றிய கார்டு என்று விற்பதை வாங்காதீர்கள். உரிமை இல்லாத ஃபைல்கள் என்பது ஒருபக்கம், அந்தப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போய் ஒன்றையும் முழுசாக ஆடாமல் எழுந்துவிடுகிறார்கள் என்பது இன்னொரு பக்கம். என் பட்டியலில் முப்பதுக்குள்தான், எல்லாமே யாராவது ஒருவர் விரும்பி ஆடுவது.

காசு போட்டதாகக் கணக்கு வைத்து ஆட்டத்துக்கு கிரெடிட் ஏற்றும் பட்டனை முன்பக்கம் வைக்காமல் பலகைக்கு அடியில் மறைவாக வைத்திருக்கிறேன். இஷ்டத்துக்கு கிரெடிட் ஏற்ற முடிந்தால் சாவதைப் பற்றி யாருக்கும் கவலை இருக்காது, அரை மணியில் கேம் முடிந்து அதோடு ஆசையும் முடியும். இப்போது ஆளுக்கு மூன்று கிரெடிட். மூன்றாவது கிரெடிட்டில் விளையாடும்போது பிள்ளைகள் முதுகை நிமிர்த்தி உட்காருவதைப் பார்க்க வேண்டும்!

மேலூரில் இருக்கும் என் மாமா மகன் இப்போது ஒன்று ஆரம்பித்திருக்கிறான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: போர்டு பழையதே போதும், மிச்சமாகும் பணத்தை நல்ல ஜாய்ஸ்டிக்கில் போடு, கீல் வாங்கும்போது பலகையின் முழு நீளத்துக்கும் வாங்கு, உள்ளே போகும் ஒயர்களைப் பலகையைத் தூக்கினாலும் இழுபடாத அளவுக்குக் கொஞ்சம் நீளமாக விடு.