இறகுப் புழுக்களுக்காக 5,250 ரூபாய் ஏமாந்தேன்: கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

குழாய்க்குள் வாழ்ந்து, இறகு விசிறியை வெளியே விரிக்கும் ஃபெதர் டஸ்டர் எனப்படும் இறகுப் புழுக்களைக் கடல்நீர்த் தொட்டியில் நலமாக வளர்ப்பது எப்படி என்று விரிவாக எழுதுவதாக நண்பர்கள் சிலரிடம் சொல்லியிருந்தேன். வாங்கிய மூன்றும் செத்து, 5,250 ரூபாயும் போன பிறகு, அதைப் பொறுமையாக எழுதும் மனநிலை இப்போது எனக்கு இல்லை. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

விற்றவர் கடை வைத்திருப்பவர் அல்லர். சமூக வலைத்தளக் குழு ஒன்றில் கடலுயிரிகளை விற்று, சென்னையிலிருந்து பேருந்து பார்சலில் அனுப்புபவர். புழு ஒன்று 1,600 ரூபாய். மூன்றுக்கு 4,800, பார்சலுக்கு 450. நான் பணம் அனுப்பியதற்கு அவருடைய காணொளி மட்டும் காரணமில்லை. தொட்டி ஓடத் தொடங்கி எத்தனை மாதம், இந்தப் புழுக்களைக் கொத்தித் தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன் இருக்கிறதா, புழு, இறால், நத்தை போன்றவற்றுக்கு நஞ்சான காப்பர் (செம்பு) கலந்த மருந்து எப்போதாவது ஊற்றியதுண்டா என்று அவரே என்னைக் கேட்டார். பதினான்கு மாதம், மீன் என்றால் இரண்டு கோமாளி மீன்கள் மட்டும், காப்பர் ஒரு சொட்டுகூட இல்லை என்றேன். இவ்வளவு சரியாகக் கேட்பவர் ஏமாற்ற மாட்டார் என்று நம்பியதுதான் என் தவறு.

கோவை காந்திபுரத்தில் பார்சலை வாங்கி வந்து பிரித்தபோது, இரண்டு புழுக்களின் விசிறி உதிர்ந்து, பையின் அடியில் ஈரப்பஞ்சுபோல் கிடந்தது. மூன்றாவதன் தோல்போன்ற குழாயைத் தூக்கினால் நடுவில் மடிந்து தொங்கியது. உடனே படம் அனுப்பினேன். "அது உள்ளே ஆழமா இருக்கும் சார், அழுத்திப் பார்க்காதீங்க. விசிறி கொட்டினா மறுபடி வளரும், ரெண்டு வாரம் பொறுங்க" என்றார்.

விசிறியைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் எரிச்சல். பயண அலைச்சலில் இந்தப் புழுக்கள் விசிறியை உதிர்ப்பதும், நல்ல நீர் இருந்தால் சில வாரங்களில் சிறிதாக மீண்டும் முளைப்பதும் உண்மை. ஆனால் மூச்சும் உணவும் அந்த விசிறி வழியாகவே என்பதால், ஏற்கெனவே பட்டினியில் மெலிந்த புழு அதுவரை தாக்குப்பிடிப்பது அரிது. அவர் தந்த உத்தரவாதமோ 24 மணி நேரத்துக்கு மட்டுமே. என்னைப் பொறுக்கச் சொன்ன அந்த ஒரு பதிலிலேயே என் 5,250 ரூபாய் கரைந்துவிட்டது.

மூன்றாம் நாள் நாற்றம் வரவே, மடிந்த குழாயை அறுத்துப் பார்த்தேன். கறுத்த சேற்றைத் தவிர உள்ளே எதுவும் இல்லை. ஆறாம் நாள் ஒரு புழு குழாயை விட்டு வெளியேறி மணலில் கிடந்து செத்தது. ஒன்பதாம் நாள் மற்றொன்றும் போனது. பணத்தைக் கேட்டதும், உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்றார். பிறகு என் நீரில் உப்பு சரியில்லை என்றார்; உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில், கடல்நீருக்குரிய 1.025 காட்டியதைப் படமெடுத்து அனுப்பினேன். அப்படியானால் காப்பர் இருக்கும் என்றார்! காப்பர் இருந்தால் அதே தொட்டியில் இறாலும் நத்தைகளும் உயிரோடு மேய்ந்துகொண்டிருக்குமா என்று கேட்டதற்கு, நேற்றிரவு என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்.

வளர்ப்பு முறையைப் பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு இவ்வளவுதான். உங்கள் பெயரும் தேதியும் எழுதிய தாள் பக்கத்தில் தெரிய, கை நிழல் பட்டதும் விசிறி சட்டென்று உள்ளிழுக்கப்படும் காணொளியைக் கேளுங்கள். விற்பவர் தன் தொட்டியில் தாவர மிதவையுயிரி (நீரில் மிதக்கும் நுண்பாசி) உணவு கொடுத்தாரா என்று விசாரியுங்கள். பார்சல் பிரிப்பதை வெட்டில்லாமல் படமெடுங்கள். விசிறி உதிர்ந்தோ குழாய் தொய்ந்தோ வந்தால், "வளரும்" என்ற பேச்சைக் கேட்காமல் 24 மணி நேரத்துக்குள் பணத்தை எழுத்தில் கேளுங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே அனுப்பவே அனுப்பாதீர்கள்.