வேலியா, அனுமதி முறையா?

நகருக்குள் இருக்கும் காட்டையும் ஈரநிலத்தையும் ஆட்களின் நடமாட்டத்திலிருந்து காக்க வேலி போடலாம், அல்லது அனுமதி பெற்றவர்களை மட்டும் உள்ளே விடலாம். சென்னையில் இரண்டு வழிகளும் உண்டு. கிண்டியில் 1978 முதல் தேசியப் பூங்காவாக உள்ள காடு வேலிக்குள் இருக்கிறது. விளையாட ஓரத்தில் சிறுவர் பூங்கா. அடையாறு ஓடையருகே 58 ஏக்கரில் 2011-இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, முன்அனுமதி பெற்றவர்களை மட்டும் அனுமதித்துத் தொடங்கியது.

செலவு: வேலிக்கு முதலில் அதிகம், அனுமதி முறைக்கு மாதந்தோறும் வழிகாட்டிகளின் சம்பளம்.

உயிர்கள்: வெளிமான் திறந்த புல்வெளியில் மேயும் பிராணி. ஆட்கள் ஓயாமல் நடமாடினால் மிரளும், மேய்ச்சலை விட்டு ஓடும். அதற்கு வேலிதான் வேண்டும். நீர்ப்பறவைகளுக்கோ வேலிக்கு அப்பாலிருந்து வரும் இரைச்சலும் தொல்லையே. ஆட்களின் எண்ணிக்கையையும் நேரத்தையும் குறைப்பதே உதவும்.

மக்கள்: தினமும் நடக்க வருபவருக்கு அனுமதிச் சீட்டு பெரும் தடை.

பரந்த காட்டுக்கு வேலி. சிறிய ஈரநிலத்துக்கு அனுமதி முறை. இனப்பெருக்கக் காலத்தில் இரண்டையும் முழுமையாக மூடலாம், தயங்கவே வேண்டாம்.