டக்டுக்குள் ரப்பர் கப்ளிங்: நாலைந்து வருடம் பயன்படுத்திய பிறகு

எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் பழையது. கழிவுநீர் இறங்குவது வார்ப்பிரும்புப் பைப்பில். அவ்வப்போது ரிப்பேர் பார்த்த இடங்களில் மட்டும் பிவிசி. இரண்டும் சேரும் ஜாயின்ட் எல்லாமே பாத்ரூமுக்குப் பின்னால் இருக்கும் டக்டில்தான். உள்ளே நுழைந்தால் திரும்பி நிற்க இடம் கிடையாது. பைப்புக்கும் சுவருக்கும் நடுவே விரல் போகும், கை போகாது. அங்கே சிமெண்ட் வைத்து அடைப்பதை விட்டுவிட்டு ரப்பர் கப்ளிங்குக்கு (இரண்டு பைப் முனைகளையும் சேர்த்து மூடும் ரப்பர் உறை; இரு ஓரத்திலும் கிளாம்ப் என்ற உலோகப் பட்டையைத் திருகி இறுக்க வேண்டும்) மாறி நாலைந்து வருடம் இருக்கும். "சார், இதெல்லாம் ஒரு மழைக்குத் தாங்காது" என்றார் வழக்கமாக வரும் பிளம்பர். தாங்குகிறது. ஆனால் சில நிபந்தனைகளோடு.

பிவிசி சாக்கெட்டைச் சொல்யூஷன் (ஒட்டும் பசை) தடவி மாட்ட வேண்டுமென்றால் பைப்பை நீளவாக்கில் விலக்கி, பிறகு உள்ளே தள்ள வேண்டும். மேலும் கீழும் அசையாமல் நிற்கும் பைப்பில் இது நடக்கிற காரியமில்லை. ரப்பர் கப்ளிங் என்றால் அதை முழுதாக ஒரு பக்கத்துப் பைப்பில் ஏற்றிவிட்டு, அளவுக்கு வெட்டிய துண்டை இடைவெளியில் நிறுத்தி, கப்ளிங்கைப் பாதி பின்னுக்கு இழுத்தால் போதும். சில வகைகளில் உள்ளே நடுவில் வரம்பு மாதிரி ஒரு மேடு இருக்கும். அது இப்படி முழுதாக ஏறாது. கடையிலேயே உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிடுங்கள். பக்கத்திலேயே பெண்ட் (வளைவு) இருந்து ஏற்ற இடமில்லை என்றால், கிளாம்ப்களைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையை மடிப்பதுபோல ரப்பரைப் பாதிக்குப் பின்னால் மடித்துவிட்டு, பைப் வந்து உட்கார்ந்ததும் பிரித்துவிடலாம். கொஞ்ச நேரம் சுடுதண்ணீரில் போட்டு எடுத்தால் ரப்பர் சொன்னபடி கேட்கும். வழுக்க சோப்புத் தண்ணீர் மட்டும்தான். கிரீஸ், எண்ணெய் பக்கமே போகாதீர்கள். பல ரப்பர்கள் அதில் ஊறி உப்பிவிடும்.

டக்டில் டேப்பை வைத்து விட்டம் அளக்க முடியாது. ஒரு நூலைப் பைப்பைச் சுற்றிக் கொண்டுவந்து அளந்து 3.14-ஆல் வகுத்தால் வெளிவிட்டம் வந்துவிடும். 110 மி.மீ. பிவிசி பைப்புக்கு நூல் சுமார் 345 மி.மீ. வரும். வார்ப்பிரும்பில் துருக்கட்டியோடு சேர்த்து அளந்தால் கணக்கு தப்பும், அதனால் முதலில் எமரித்தாளால் தேய்த்துவிட வேண்டும். அந்தக் கட்டிகளின் மேல் கப்ளிங்கைப் போட்டால் கசிவும் நிற்காது.

இத்தனைக்கும் பிறகு உண்மையான போராட்டம் ரப்பரோடு இல்லை, கிளாம்ப் திருகோடுதான். மாட்டுவதற்கு முன்பே இரண்டு திருகின் தலையும் நாம் நிற்கும் பக்கம் பார்க்கும்படி கிளாம்பைச் சுற்றி வைத்துவிட வேண்டும். பைப்பில் ஏறி லேசாக இறுகிய பிறகு சுவர்ப் பக்கம் போன தலையைத் திருப்புவதற்குள் பாதி நாள் போய்விடும். தலை அறுகோணமாக இருந்தால் வளையும் தண்டு வைத்த நட் டிரைவரைப் பயன்படுத்தலாம். சாதா ஸ்க்ரூ டிரைவர் அந்த இடத்தில் நேராக நிற்காது, வழுக்கி விரலைக் கிழிக்கும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு வெளிநாட்டுத் தயாரிப்புகள் பலவற்றில் 60 இன்ச்-பவுண்ட் என்று போட்டிருக்கும், அதாவது 7 நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிளாம்பை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் ரப்பர் சுருங்கி மடியாது.

இனி வருடக்கணக்கு விஷயம். ரப்பர் இன்னும் நன்றாக இருக்கிறது, வெடிப்பு இல்லை. முதலில் போனது ஒரு மலிவு கிளாம்பின் திருகு. பட்டை பளபளவென்று ஸ்டெயின்லெஸ், திருகு மட்டும் முலாம் பூசிய சாதா இரும்பு. டக்டின் ஈரத்தில் அது துருப்பிடித்து, கழற்றப் போனால் தலை உடைந்து வந்தது. இப்போது காந்தம் கொண்டுபோய்த் திருகில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். 'கப்'பென்று ஒட்டினால் வேண்டாம்.

படுக்கைவாட்டில் போகும் பைப்பில் கப்ளிங்குக்கு இரண்டு பக்கமும் தாங்கல் கட்டாயம். வெறும் ரப்பர் பைப்பின் எடையைத் தாங்காது. மெதுவாகத் தொய்ந்து, அந்தப் பள்ளத்தில் கசடு சேரும். எதிர்வீட்டில் அப்படித்தான் ஆனது.

கிச்சன் சிங்க்குக்குக் கீழே போட்டது வேறு கதை. ரப்பர் என்று விற்பதில் பல உண்மையில் மென்மையான பிவிசி. கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி வடித்து ஊற்றும் வீட்டில் அது தளர்ந்து, கிளாம்பை அவ்வப்போது இறுக்க வேண்டி வருகிறது. சூடு தாங்கும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் கிடைத்தால் அங்கே அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் குழாயைத் திறந்துவிட்டுக் கஞ்சியை ஊற்றச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் லைனுக்கு இது ஆகுமா என்று கேட்கிறார்கள். ஆகாது. இந்த வகைக் கப்ளிங்குகள் பலவற்றுக்கும் குறித்திருக்கும் அளவு 4.3 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 10 அடி உயரத் தண்ணீரின் அழுத்தம். ஒரு மாடி இறங்கினாலே அது தாண்டிவிடும்.