கும்பகோணத்திலிருந்து அடையாறு வரை: சித்தியின் சிகிச்சைக்கு அலைந்த அனுபவம்

லண்டனில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்து, இப்போது நோய் திரும்பாமல் இருக்க தினம் ஒரு டமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரையோடு வாழ்கிறவள் நான். கும்பகோணத்தில் இருக்கும் சித்திக்கும் அதே நோய் என்று தெரிந்ததும் கிளம்பி வந்தேன். ஊரில் சிகிச்சை கிடைக்குமா, எவ்வளவு செலவாகும் என்பதுதான் வரும்போது இருந்த பயம். வந்து பார்த்தபோது சிகிச்சைக்கு வழி இருந்தது. அந்த வழியை எடுத்துச் சொல்ல ஆள்தான் கிடைக்கவில்லை.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து சித்தியிடம், "சின்னக் கட்டி, ஆபரேஷன் செஞ்சா சரியாப் போயிடும்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். நானே பேசுகிறேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியும்டி. உங்க சித்தப்பா கோயில் கோயிலாப் போறதைப் பாத்தா தெரியாதா? முடி கொட்டுமா, எப்ப எழுந்து நடமாடலாம்னு கேக்கணும். யாரைக் கேக்கறது?" என்றாள். மறைப்பதால் நோயாளிக்கு நிம்மதி வருவதில்லை. கேள்விகளோடு தனியாக இருக்க வேண்டியதாகிறது. அதற்கப்புறம் எல்லாவற்றையும் அவள் முன்னாலேயே பேசினோம். ஃபைலும் அவள் கைக்கே போனது.

முதலில் பார்த்த தனியார் மருத்துவமனையில் பயாப்ஸி (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது) எடுத்த கையோடு அறுவைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். கட்டியில் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 பரிசோதனைகளின் முடிவு அப்போது வரவே இல்லை. ஹார்மோன் மாத்திரை வேலை செய்யுமா, தனி ஊசி தேவைப்படுமா, கீமோவை முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுக்கலாமா என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றையும் வைத்துத்தான் முடிவாகும். வேறு டாக்டரிடம் காட்டுகிறோம் என்றதும் ரிப்போர்ட்டைக் கொடுத்தார்கள், ஸ்லைடையும் பிளாக்கையும் கொடுக்க மறுத்தார்கள். எழுதிக் கொடுத்து, திரும்பத் திரும்பப் போய் நின்றுதான் வாங்கினோம். ஸ்லைடு என்பது மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சதையை மெல்லிசாகச் சீவி வைத்திருக்கும் கண்ணாடித் தகடு. பிளாக் என்பது எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் சிறு மெழுகுத் துண்டு. அது கையில் இருந்தால் இன்னொரு இடத்தில் மறுபடி ஊசி குத்தாமலேயே பரிசோதிக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது பயாப்ஸி எடுத்தால் ரிப்போர்ட்டோடு இதையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

பணத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகிய மூன்றோடும் தம்பி தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்தான். சித்தப்பா அதற்குள் நகையை அடகு வைக்கப் பேசி முடித்திருந்தார். காப்பீடு பற்றி ஏதாவது புரியவில்லை என்றால் 104-க்குப் போன் செய்து தமிழிலேயே கேட்கலாம்.

ரயில் சலுகையைப் பற்றிப் பலருக்கும் தெரியவில்லை. சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி. கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஸ்டேஷன் கவுண்டரில் டிக்கெட் எடுக்கலாம். முதல் முறை உழவன் எக்ஸ்பிரஸில் சாதாரண டிக்கெட்டில்தான் சென்னை போனோம். இனி அவர்களுக்கு அவ்வளவு செலவு இல்லை.

சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனோம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பல வருடம் போராடி 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. 1955-ல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும் வரை அந்த நிறுவனத்துக்காகவே வாழ்ந்தார். கூட்டம் அதிகம், காத்திருப்பு நீளம். காலையில் போனால் சாயங்காலம் வரை இருக்கத் தயாராகப் போங்கள். சாப்பாடும் தண்ணீரும் கட்டாயம் கொண்டு போங்கள்.

அந்தக் காத்திருப்பில்தான் சித்திக்கு வேண்டியது கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த விழுப்புரத்து அக்கா, சிகிச்சை முடிந்து செக்கப்புக்கு வந்தவர். கீமோ சமயத்தில் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீட்டில் படுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். அறுவைக்கப்புறம் கை தோளுக்கு மேலே எழும்ப, சுவரில் விரல்களை மேல்நோக்கி நகர்த்தி நகர்த்திப் பழக வேண்டும் என்று அங்கிருந்த சுவரிலேயே செய்து காட்டினார். "கரண்ட் வைக்கிறது" என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சைக்கு சித்தி ரொம்பப் பயந்திருந்தாள். எக்ஸ்ரே எடுப்பது போல மெஷினுக்குக் கீழே அசையாமல் படுத்தால் போதும், அந்த நேரத்தில் வலியே இருக்காது, தோல் கறுத்துப் போவதெல்லாம் பிறகு மெல்ல மெல்ல வரும் என்று அவர் சொன்னதும் சித்தியின் முகம் தெளிந்தது. இதே விஷயத்தை நானும் சொல்லியிருந்தேன். ஆனால் நான் லண்டனில் சிகிச்சை எடுத்துக்கொண்டவள். அந்த அக்கா சித்தியைப் போலவே வயலும் மாடும் பார்க்கிறவர். பஞ்சு வைத்துத் தானே தைத்துக்கொண்ட பருத்தி உள்ளாடையையும் ஓரமாகக் கூட்டிப்போய்க் காட்டினார். மார்பகம் எடுத்தது வெளியே தெரியவே இல்லை.

எனக்கு இந்தத் துணை லண்டனில் சுலபமாகக் கிடைத்தது. பார்ட்ஸ் மருத்துவமனை வளாகத்தில் மேகிஸ் என்ற இல்லம் இருக்கிறது. முன்பதிவு வேண்டாம், கட்டணமும் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்து பேசலாம். மார்பகப் புற்றுநோய் வந்த மேகி கெஸ்விக் ஜென்க்ஸ் தன் கடைசிக் காலத்தில் திட்டமிட்டது அது. அவர் இறந்த மறு வருடம், 1996-ல், எடின்பரோவில் முதல் இல்லம் திறந்தது. அங்கே போய் அழுதிருக்கிறேன், சிரித்தும் இருக்கிறேன். நம் மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு அறை வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பெரிய கட்டடம் தேவையில்லை. நாலு நாற்காலியும், சிகிச்சை முடித்த ஒருவரும் இருந்தால் போதும்.

அப்படிப் பேச ஆள் இல்லாததால்தான் வாட்ஸ்அப் செய்திகள் உள்ளே வருகின்றன. முள்சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் கீமோவே வேண்டாம் என்று சித்திக்கு மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள். அது புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு மனிதர்களிடம் செய்த ஆய்வில் ஆதாரம் கிடையாது. அன்பினால் அனுப்புகிறவர்களோடு சண்டை போட முடியாது. "டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடிக்கிறேன்னு சொல்லு" என்று சித்திக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவளும் அப்படியே சொல்கிறாள்.

ஹெர்2 முடிவு வந்து, கீமோவை முதலில் கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. விழுப்புரத்து அக்காவின் நம்பர் சித்தியின் போனில் இருக்கிறது. இரண்டு பேரும் என்னிடம் கேட்காமலேயே பேசிக்கொள்கிறார்கள். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இந்தச் சிகிச்சையை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் கட்டாயம் இருப்பார்கள். உங்கள் தெருவில் புதிதாக ஒருத்திக்கு இந்த நோய் என்று காதில் விழுந்தால், தயவுசெய்து ஒரு தடவை அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.