பேரிங் கடை சீலா, கம்பெனி சீலா?

படகு எஞ்சினின் கீழ்த் திருகைக் கழற்றியதும் கியர் ஆயில் வர வேண்டிய இடத்தில் தே தாரிக் மாதிரி பால் டீ நிறத்தில் வழிந்தது. பெர்னாம் ஆற்றில் உடாங் காலா என்ற பெரிய ஆற்று இறால் பிடிக்க நானும் மச்சானும் கூட்டாக வாங்கிய 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அது. ஆயில் அந்த நிறத்துக்கு வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று எங்கள் ஊர் ஊத்தான் மெலிந்தாங்கில் படகு வைத்திருக்கும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். சுழலும் தண்டைச் சுற்றி உட்கார்ந்து ஆயிலை உள்ளேயும் தண்ணீரை வெளியேயும் நிறுத்தும் ரப்பர் வளையம்தான் சீல். அதை மாற்ற வேண்டும், சரி. எஞ்சின் கம்பெனியே விற்கும் சீலா, பேரிங் கடையில் கிடைக்கும் பொதுவான சீலா என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

மச்சான் பாமாயில் மில்லில் ஃபிட்டர். "மச்சான், மில்லுல பம்புக்கெல்லாம் பேரிங் கடை சீல்தான் போடுறோம். அளவு சரியா இருந்தா போதும், எதுக்குக் கம்பெனிக்காரனுக்குக் கொட்டிக் கொடுக்கணும்?" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. சீலின் மேலேயே மூன்று எண் இருக்கும். 20 35 7 என்றால் உள் விட்டம், வெளி விட்டம், கனம், எல்லாம் மில்லிமீட்டரில். பக்கத்தில் டிசி என்று இருந்தால் தண்டை ஒட்டி நிற்கும் ரப்பர் உதடு இரண்டு, வெளிப்பக்கம் ரப்பர் பூச்சு. டிபி என்றால் வெளிப்பக்கம் வெறும் இரும்பு. அதை உப்புத்தண்ணீருக்கு வாங்கவே வாங்காதீர்கள். எண்ணும் எழுத்தும் பொருந்தினால் பேரிங் கடை சீல் கச்சிதமாக உட்கார்ந்துவிடும்.

மீதிப் பாதி, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஸ்பிரிங்கில் இருக்கிறது. உதட்டைத் தண்டோடு அழுத்திப் பிடிப்பது அந்தச் சின்ன வளையம்தான். கடல் எஞ்சினுக்கென்று செய்த சீலில் அது துருப்பிடிக்காத எஃகு. கடையில் சாதாரணமாகத் தூக்கிக் கொடுப்பதில் வெறும் இரும்புக் கம்பி. மில் பம்பில் அது எண்ணெயிலேயே கிடப்பதால் ஒன்றும் ஆகாது. நம் ஊரில் கடல் ஏறும்போது ஆறே உப்புக் கரிக்கும். முன்பு ஒரு தடவை நான் அவசரத்துக்கு வாங்கிப் போட்டதைக் கழற்றியபோது, ஸ்பிரிங் இருந்த பள்ளத்தில் செம்மண் மாதிரி துருத்தூள்தான் இருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் வேண்டும் என்று கேட்டால் சில கடைகளில் எடுத்துத் தருவார்கள். கிடைத்தால் மச்சான் கட்சிக்கே என் ஓட்டு.

வைட்டான் ரப்பர் நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. அது சூட்டைத் தாங்குவதற்கு. எந்நேரமும் தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பெட்டிக்கு, அதாவது கியர் இருக்கும் பெட்டிக்கு, சாதாரண நைட்ரைல் ரப்பர் தாராளமாகப் போதும்.

ஆனால் கம்பெனி சீலையும் வீணாக்குவது ஒன்று உண்டு: தண்டில் விழுந்த தடம். புரொப்பெல்லரைக் கழற்றினால் பின்னால் தாங்சி, அதாவது தூண்டில் நரம்பு, சுற்றிக்கொண்டு கிடந்தது. சீலை அறுத்தது அதுதான். தண்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீலானாலும் கொஞ்ச நாள்தான். அந்த இடத்தில் எஸ்.கே.எஃப். ஸ்பீடி ஸ்லீவ் போல ஒரு மெல்லிய எஃகு உறையை ஏற்றலாம். கால் மில்லிமீட்டரை ஒட்டிய கனம்தான் என்பதால் அதே அளவு சீலே பொருந்தும். புதுத் தண்டுக்குப் பணம் கட்டுவதைவிட இது எவ்வளவோ தேவலை.

பட்டறையில் கொடுத்தால் என்ன? புரொப்பெல்லர் பக்கம் மட்டும் என்றால் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு சீல், சில எஞ்சினில் இரண்டும் வெளியே பார்த்திருக்கும், சிலதில் ஒன்று உள்ளே ஒன்று வெளியே. பிடுங்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போடும்போது இரண்டுக்கும் நடுவில் கிரீஸ் அடைக்க மறக்கக் கூடாது. சீல் உட்காரும் மூடி உப்பில் இறுகிப் போயிருந்தால் மட்டும் சுத்தியலை எடுக்காதீர்கள், அலுமினியம் விண்டுவிடும். இழுத்துக் கழற்றும் புல்லர் இருக்கும் பட்டறைக்கே போங்கள். மேலே எஞ்சினிலிருந்து இறங்கும் தண்டின் சீல் தண்ணீர் பம்புக்கு அடியில் இருப்பதால், அதையும் நான் பட்டறைக்கே விடுவேன். அவ்வளவு தூரம் பிரித்தபின் அந்தப் பம்பின் ரப்பர் சக்கரமான பழைய இம்பெல்லரைத் திரும்ப மாட்டுவது கஞ்சத்தனம்.

எதை வாங்குவதற்கும் முன்னால், ஆயில் திருகின் வாஷரை ஒரு தரம் பாருங்கள். நசுங்கிய வாஷர் வழியாகவும் தண்ணீர் போகும். அதற்காகக் கீழ்ப்பெட்டியையே பிரித்தவர்கள் உண்டு.

நாங்கள் கடைசியில் கம்பெனி சீலே போட்டோம், உறையோடு. ஆயில் ஊற்றும் முன் கைப்பம்பால் 10 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, தொட்டித் தண்ணீரில் முக்கி, தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தோம். குமிழி வரவில்லை. பிறகு கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் வழியும்வரை ஆயில் ஏற்றினோம். மச்சான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த உறைதான் காப்பாற்றியது, சீல் எதுவாக இருந்தாலும் நின்றிருக்கும் என்கிறார்.